போன அண்டா திரும்பி வர வேண்டும்

ஆகஸ்ட் 15

ஊருக்கெல்லாம் இன்று விடுமுறை. எனக்கு ஜனவரியிலிருந்தே விடுமுறை. வெப்பப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்தியவன், இன்று காலை ஒரு பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்தேன்.

நான் வீட்டில் இருப்பதற்குக் காரணம் என் கையெழுத்து. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள், பதினொரு பேர் படிக்கும் பிரிவில் அறுபது பேர் படிப்பதாக எழுதிய தாளை முதல்வர் நீட்டினார். நான் போட மறுத்தேன். "ரொம்ப நேர்மையா இருக்கீங்க சார். வீட்டுல இருந்து நேர்மையா இருங்க" என்றார். அந்த ஆளின் முகம், சட்டை நிறம், மேசையில் இருந்த பாதி கடித்த பிஸ்கட், எல்லாம் நினைவிருக்கிறது. மறக்கும் உத்தேசம் இல்லை.

அண்டாவுக்குக் காரணம் ஜெயக்கொடி. என் மனைவியும் அவள் தங்கை வனரோஜாவும் வத்தலக்குண்டில் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எதுவானாலும் அண்டா, குண்டான், அடுப்பு, பந்தி வாளி இவர்களிடமிருந்துதான் போகும். இத்தனை நாள் வாடகை வண்டி. ஆடி முடிந்து கல்யாணங்கள் தொடங்குவதால் சொந்தமாக ஒரு குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, வாங்கப் போகிறார்களாம்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்வி வந்ததும் என்னைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நியாயமான எதிர்பார்ப்பு. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

கேட்காதது ஏன் என்று சாயங்காலம் தெரிந்தது. என் சகலை பெத்தணசாமி, அதாவது வனரோஜாவின் புருஷன், ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டான். பெயிண்ட் கடை வைத்திருப்பவன். நூறு வண்ணங்களுக்குப் பெயர் தெரியும். எஞ்சினுக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று தெரியாது.

கடைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீசல்தான் சகல! கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். பெட்ரோல் வண்டி பூக்கூடை தூக்கத்தான் லாயக்கு" என்றான்.

"எந்தக் கணக்குல சொல்றீங்க?"

"கணக்கு என்ன கணக்கு? ஊருல அம்புட்டுப் பேரும் டீசல்தான வச்சிருக்கான்."

நான் எழுந்தேன். அண்டா தேய்த்த கை புளியாக இருந்தது. கழுவிக்கொண்டு வந்து பேசினேன். டீசல் வண்டி லிட்டருக்கு அதிகம் ஓடும், உண்மை. ஆனால் விலை தொண்ணூறாயிரம் கூட. பராமரிப்பும் கூட. அதிகம் ஓடினால்தான் அந்தத் தொண்ணூறாயிரம் திரும்பி வரும். நம் கடைக்கு வருடத்துக்கு இருநூறு ஆர்டர். சராசரியாகப் பதினைந்து கிலோமீட்டர் தூரம். போக வர முப்பது. மொத்தம் ஆறாயிரம். இந்த ஓட்டத்துக்கு டீசல் வாங்குவது, தெருமுனைக்குப் போக ரயில் வாங்குவது மாதிரி.

வனரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். "மாமா பேசி எத்தன மாசம் ஆச்சு!"

பெத்தணசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி சகல, பந்தயம். ரெண்டு வண்டியையும் வாடகைக்கு எடுப்போம். வண்டிக்குப் பதினஞ்சு நாளு ஓடட்டும். பெட்ரோல்தான் லாபம்னா, என் பேத்தி காதுகுத்துப் பத்திரிகையில உங்க பேருக்கு முன்னால முனைவர்னு போட்டு, எல்லாருக்கும் மேல அச்சடிக்கிறேன். டீசல்னா, நீங்க எங்க வீட்டுக்கு வந்து, பந்தியில உக்காந்து சாப்புடணும்."

வனரோஜா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் முன்பு அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் எல்லாருடைய பட்டமும் இருந்தது. பி.காம் இருந்தது. பாதியில் விட்ட பாலிடெக்னிக்கூட இருந்தது. மூத்த மாப்பிள்ளையான என் பெயர் மட்டும் மொட்டையாக, 'தவசிலிங்கம்' என்று, ஊர்க்காவலாளி பெயர் மாதிரி. அன்றிலிருந்து அவன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஜெயக்கொடி தனியாகத்தான் போய் வருகிறாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தவற்றையே மறுபடி எண்ணினாள்.

பந்தயத்தை ஏற்றேன்.

ஆகஸ்ட் 18

பெட்ரோல் வண்டி வந்தது. வெள்ளை. நானே ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வாடகை டிரைவர்கள் வண்டியை ஓடவிட்டுக்கொண்டே டீ குடிப்பார்கள், அளவு கெட்டுப்போகும். சோதனையின் துல்லியத்துக்காக மட்டுமே இந்த ஏற்பாடு.

ஆகஸ்ட் 20

நிலக்கோட்டையில் கல்யாணம். டேங்க் நிறைத்து, மீட்டர் குறித்து, பதினோரு மணிக்குக் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் ஜெயக்கொடி. அவள் வந்தே ஆக வேண்டுமாம். மண்டபத்தில் எண்ணிக் கொடுக்க நான் போதாதாம். அவள் எடையைச் சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று எத்தனை கிலோ என்று கேட்டேன். நிலக்கோட்டை நெருங்கும்வரை அவள் பேசவில்லை.

வண்டி அருமையாக ஓடியது. சத்தமே இல்லை. குண்டான்கள் ஒன்றோடொன்று உரசுவதுதான் கேட்டது.

மண்டபத்துச் சமையல் மாஸ்டர், "என்ன டிரைவரே, இட்லிக் கொப்பரை எங்க?" என்றார். திருத்தவில்லை. முனைவர் என்று சொன்னால் கொப்பரை வந்துவிடாது.

ஆகஸ்ட் 21

காலை ஆறு மணிக்கு ஜெயக்கொடி எழுப்பினாள். "கெளம்புங்க."

"எங்க?"

"நெலக்கோட்டைக்கு. பாத்திரம் எடுக்க வேண்டாமா?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நேத்துத்தான போனோம்?"

"நேத்துக் குடுக்கப் போனோம். இன்னைக்கு எடுக்கப் போறோம். போன அண்டா திரும்பி வரணும்ல? அதுக்கென்ன காலா மொளைச்சிருக்கு, நடந்து வர?"

போனோம். வெறும் வண்டியாகப் போய், நிறைந்து வந்தோம். நேற்று நிறைந்து போய், வெறுமையாக வந்தோம். ஆக ஒரு ஆர்டருக்கு இரண்டு முறை போய் வர வேண்டும். முப்பது அல்ல, அறுபது கிலோமீட்டர்.

கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். இப்போதைக்கு ஆறாயிரம் என்றே இருக்கட்டும். மைலேஜ் சோதனைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஆகஸ்ட் 22

பெத்தணசாமிக்கு இது தோன்றவே தோன்றாது. சாப்பிட்ட தட்டு தானாக அடுப்படிக்கு நடந்து போகும் என்று நம்புகிற இனம் அவன்.

ஆகஸ்ட் 25

பெரியகுளம் போக, வர. லிட்டருக்குப் பதினான்கு. எதிர்பார்த்த அளவுதான்.

வழியில் ஜெயக்கொடியிடம் முதல்வர் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். ஜனவரியில் ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். பிஸ்கட் வரைக்கும் சொன்னேன். பிஸ்கட்டில் சிரித்துவிட்டாள். "அந்தாளு அத முழுசா தின்னுட்டாவது பேசியிருக்கலாம்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வண்டி ஓட்டும்போது சிரிப்பது கவனத்தைக் கெடுக்கும் என்பதால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

தேவதானப்பட்டி அருகில் பருத்திப்பால் குடித்தோம். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்.

ஆகஸ்ட் 26

இன்று ஆர்டர் இல்லை. நாள் போகவில்லை.

ஆகஸ்ட் 29

தாண்டிக்குடி மலையில் கிடாவெட்டு. ஏற்றத்தில் பெட்ரோல் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாவது கியரிலேயே ஏறினேன். மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது; வருத்தத்துடன் பதிகிறேன். ஒரு வளைவில் சூடு ஏறியதால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டோம். ஜெயக்கொடி அண்டா மூடியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மலைவாழைப்பழம் தின்றாள். பழத்தை எனக்கும் உரித்துக் கொடுத்தாள். கீழே வத்தலக்குண்டு முழுக்கத் தெரிந்தது.

"அங்க பாருங்க, வனரோஜா வீட்டுத் தண்ணித் தொட்டி. நீலக் கலரு" என்றாள்.

"தெரியல."

"நல்லாப் பாருங்க."

தெரிந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன்.

வண்டி ஆற நாற்பது நிமிடம் ஆனது. இருபது நிமிடத்திலேயே ஆறியிருக்கலாம். சோதித்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 1

பெட்ரோல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். டீசல் வண்டி வந்தது. மஞ்சள். முகப்புக் கண்ணாடியில் ஒரு பக்கம் சாமி, இன்னொரு பக்கம் மூன்று குழந்தைகளின் பெயர். சாவியைத் திருப்பியதும் எதிர் வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 3

லிட்டருக்குப் பத்தொன்பதரை. மறைப்பதற்கில்லை, நல்ல எஞ்சின்.

ஆனால் சத்தம். ஜெயக்கொடி ஏதோ கேட்டாள். "என்ன?" என்றேன். மறுபடி கேட்டாள். "என்ன?" என்றேன். மூன்றாவது தடவை என் காதருகே வந்து, "பசிக்குதான்னு கேட்டேன்!" என்று கத்தினாள். அப்போது பார்த்துச் சிக்னலில் வண்டி நின்று எஞ்சின் அடங்கியது. பக்கத்தில் பைக்கில் நின்றவர், "எனக்குப் பசிக்குதும்மா" என்றார்.

அதன் பிறகு பெரியகுளம் போய்ச் சேரும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம். சத்தத்தின் விலையை ரூபாயில் எப்படிப் போடுவது என்பதற்குச் சூத்திரம் இல்லை.

செப்டம்பர் 6

மறுபடியும் தாண்டிக்குடி. ஜெயக்கொடிக்குக் கடையில் வேலை. பக்கத்து சீட்டில் பெத்தணசாமி ஏறினான். "டீசல் மலை ஏறுற அழகப் பாக்கணும் சகல. நீங்க கணக்குல கை வச்சிறக் கூடாதுல்ல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு ஏனோ காது சூடானது.

வண்டி ஏறியது. யானை மாதிரி ஏறியது. ஆறாவது வளைவில் டீசல் கட்சித் தலைவர் முகம் அவர் கடையில் விற்கும் இளம்பச்சைக்கு மாறியது. ஏழாவது வளைவில், "சகல... நிப்பாட்டு..." என்றான், வாழ்க்கையில் முதல் முறையாக 'ங்க' விட்டுப்போயிற்று. நிறுத்தினேன். ரோட்டோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவிக் கொடுத்து, எலுமிச்சம்பழம் கொடுத்தேன். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் எலுமிச்சம்பழம் வைத்திருப்பது சாதாரணம்.

எஞ்சின் நின்றிருந்ததால் பேச முடிந்தது. பழத்தை முகர்ந்தபடி அவனே ஆரம்பித்தான்.

"சகல, அந்தப் பத்திரிகை விசயம்..."

"அத விடுங்க."

"இல்ல, கேளுங்க. பிரஸ்ஸுல எழுதிக் குடுத்தேன், முனைவர்னுதான். அச்சுக் கோக்குறவன், 'டாக்டரா? எந்த ஆஸ்பத்திரி?'ன்னான். எனக்கு வெளக்கமாச் சொல்லத் தெரியல. 'எஞ்சினுக்கு டாக்டரு'ன்னேன். 'அப்ப மெக்கானிக்னு போடவா?'ன்னான். வெலவெலத்துப் போச்சு. தப்பா போட்டு உங்க மானம் போறதுக்கு, போடாமலே விட்டுருவோம்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எனக்குத் தெரியாதுன்னு உங்ககிட்டயா சொல்லச் சொல்றீங்க?"

இதை மன்னிப்பாக நான் ஏற்கவில்லை. தகவலாகப் பதிகிறேன். இறங்கும்போது மெதுவாக ஓட்டினேன், டீசல் மிச்சப்படுத்த.

செப்டம்பர் 9

நாளை அறிக்கை. டீசலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டுமாம். இன்று பகல் முழுவதும் கணக்குப் போட்டேன்.

பெட்ரோல் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் இருபது காசு. டீசல் நாலு எழுபத்தைந்து. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசலில் இரண்டு ரூபாய் நாற்பத்தைந்து காசு மிச்சம். வருடம் ஆறாயிரம் ஓடினால், கூடுதல் சர்வீஸ் செலவு போக, டீசலுக்காகக் கொடுத்த தொண்ணூறாயிரம் திரும்பி வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். எட்டு வருடம் உழைக்கும் வண்டிக்கு அது நஷ்டம். பெட்ரோல் வெற்றி. முனைவர் தவசிலிங்கம், எல்லாருக்கும் மேலே.

அழகான தாள். அடிக்கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. கீழே கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜெயக்கொடி உள்ளே வந்து, "நாளைக்குச் செம்பட்டியில எடுக்குறது ஒண்ணு இருக்கு. மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேனாவை மூடினேன். பிஸ்கட் ஞாபகம் வந்தது. முதல்வரும் ஒருவேளை, 'இப்போதைக்கு அறுபது என்றே இருக்கட்டும்' என்றுதான் ஆரம்பித்திருப்பார்.

தாளைக் கிழித்தேன். வேறு தாளில் பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன். டீசலின் தொண்ணூறாயிரம் நாலேகால் வருடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அதன் பிறகு நாலு வருடம் கொள்ளை லாபம்.

தவறான காரணத்துக்காகச் சரியானதைச் சொல்லும் மனிதனைப் போல் எரிச்சலூட்டும் ஜீவன் உலகத்தில் இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 10

கடையில் வாசித்தேன். பாத்திரம் திருப்பி எடுக்கப் போகும் ஓட்டத்தை நான் சேர்க்காமல் விட்டிருந்ததையும், அது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து வாசித்தேன். "ஆகவே டீசல்" என்று முடித்தேன்.

பெத்தணசாமி துள்ளிக் குதித்துப் பந்தி வாளியைத் தட்டினான். "பாத்தீங்களா! நான் அன்னைக்கே சொன்னேன்ல, டீசல்னு! அனுபவம் பேசும்!"

"நீ பாத்திரம் எடுக்கப் போற கணக்க நெனச்சியாய்யா?" என்றாள் வனரோஜா.

"என்ன எடுக்கப் போற கணக்கு?"

பிறகு அவன் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே சகல?" என்றான்.

"தெரிஞ்சிருக்காது."

தலையைச் சொறிந்துகொண்டு, "ஞாயித்துக்கெழம காதுகுத்து. வந்துருங்க" என்றான். வெற்றி பெற்றவன் குரல் மாதிரி இல்லை.

ஜெயக்கொடி அறிக்கையை வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்கவில்லை.

செப்டம்பர் 14

பந்தயப்படி போனேன். ஆனால் விருந்தாளியாக அல்ல. சமையலுக்கான பாத்திரங்களை டீசல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலையாகப் போவது வேறு. வாசற்படியில் ஒரு முனையில் நான், மறுமுனையில் பெத்தணசாமி, நடுவில் அண்டா. அண்டாவைப் பிடித்திருப்பவன் படியைப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். மானம் ரோஷம் பார்த்தால் காலில் விழுந்துவிடும். ஆகவே உள்ளே போய்விட்டேன்.

குழந்தை காது குத்தும்போது அழவில்லை. அதன் தாத்தா அழுதான்.

பந்தியில் உட்கார்ந்தேன். சகலையே பரிமாறினான். இலையில் மட்டன் வைத்துக்கொண்டே, பக்கத்து இலைக்காரரிடம் உரக்க, "இவருதான் எங்க மூத்த மாப்பிள்ளை. முனைவர். முனைவர்னா ஆஸ்பத்திரி இல்ல, ஆராய்ச்சி. புது விசயம் ஒண்ணக் கண்டுபிடிச்சு, அத நிரூபிச்சு, பட்டம் வாங்குறது" என்றான். யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். ஆறு இலைக்கும் இதையே சொன்னான். ஏழாவது இலையில் எனக்கே போதும் என்று ஆகிவிட்டது.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். நீலத் தொட்டி. அங்கிருந்து மலை தெரிந்தது.

செப்டம்பர் 15

பாத்திரம் எடுக்க மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். பந்தயத்தில் இது இல்லை. ஆனால் போன அண்டா திரும்பி வர வேண்டும். காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

செப்டம்பர் 27

வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு அக்காவும் தங்கையும் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். ரசீதைப் பார்த்தேன். பெட்ரோல்.

"அறிக்கையில டீசல்னு தெளிவா எழுதியிருக்கேனே!"

"படிச்சேன்" என்றாள் ஜெயக்கொடி. "ரெண்டு தடவ படிச்சேன். கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பெட்ரோல் வண்டியில நீங்க பேசுனது கேட்டுச்சு. கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல நீங்க அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. கிலோமீட்டருக்கு ரெண்டு ரூவா நாப்பத்தஞ்சு காசுதான? குடுத்துட்டுப் போறேன்."

இது பொறியியல் காரணம் அல்ல. குறித்து மட்டும் வைக்கிறேன். வெங்காயம் காரமானது.

செப்டம்பர் 28

பெத்தணசாமிக்குக் கோபம். ஜெயித்தவன் நான், வாங்குவது பெட்ரோலா என்று வனரோஜாவிடம் கத்தினானாம். இனி அந்தக் கடை வாசற்படி மிதிக்க மாட்டானாம். அவனுக்காக நான் வாதாடினேன். டீசலே சரி என்று என் அறிக்கையை எடுத்துக் காட்டினேன். எடுபடவில்லை.

வண்டி ஐப்பசியில்தான் வரும், அதற்குள் ஒரு டிரைவர் தேடச் சொன்னார்கள். நாலு பேரைப் பார்த்தேன். ஒருவனுக்கும் கிளச் பிடிக்கத் தெரியவில்லை. பொருத்தமான ஆள் கிடைக்கும்வரை நானே ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 22

புது வண்டி வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, மாலை போட்டு நிற்கிறது. எல்லோரும் வந்துவிட்டார்கள். சகலை மட்டும் வரவில்லை. வனரோஜா முகத்தில் களையே இல்லை. இந்த மாதிரி வாசற்படி சபதங்கள் எவ்வளவு அபத்தமானவை என்று எனக்குத் தெரியும்; எவ்வளவு நாள் இழுக்கும் என்பதும் தெரியும்.

"அவன் வராம எலுமிச்சம்பழம் நசுங்கக் கூடாது. பழத்த எடுத்து வைங்க, இதோ வந்துடுறேன்" என்றேன்.

"நடந்தே போகலாமே? அடுத்த தெருதான?" என்றாள் ஜெயக்கொடி, ஏற்கெனவே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு.

கிளம்புகிறோம். அவன் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும். போக, வர. இந்த ஓட்டத்தைக் கணக்கில் எழுதப் போவதில்லை.